முப்பத்தோரு ரிஸ்க்கும் ஒரு தண்ணிப் பைப்பும்

ப்ராஜெக்ட் மேனேஜர் வேலைன்னா வேற ஒண்ணும் இல்லங்க, என்னென்ன தப்பாப் போகும்னு முன்னாடியே எழுதி வைக்கிற வேலை. அதுக்கான பரீட்சையில நான் நூத்திப் பதினாலாவது கேள்வியில இருக்கும்போதுதான் எங்கம்மா கையில தண்ணிப் பைப்போட ரூமுக்குள்ள தவழ்ந்து வந்தா.

நூத்திப் பதினாலு

இத ஹார்பர் லைன் ரயில்ல நின்னுகிட்டே ஒரு கையால டைப் பண்றேன், எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுருங்க. எங்க வீடு தாராவியில ஒரு மாடி ரூம். ஒரே ரூம், ஒரு கதவு, ஒரு ஜன்னல். ஆன்லைன் பரீட்சை, நூத்தி எண்பது கேள்வி, கிட்டத்தட்ட நாலு மணி நேரம். கேமரா ஆன்லயே இருக்கணும். எங்கயோ ஒருத்தர் உக்காந்து நம்மளையே பாத்துகிட்டிருப்பாரு. ரூமுக்குள்ள யாரும் வரக்கூடாது, சத்தம் வரக்கூடாது. இத அம்மாகிட்ட ஒரு வாரமா சொல்லி வச்சிருந்தேன், அவளும் தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டா. அவளுக்குப் புரிஞ்சது என்னன்னா, கேமராவுல தெரியாம, சத்தம் போடாம வரணும்.

அதனால தவழ்ந்து வந்தா! என்ன ஒரு ஒழுங்கு தெரியுமா, வளையல் சத்தம் கூட இல்ல. என் நாற்காலிக்குக் கீழ பைப்ப விட்டு ஜன்னல் பக்கம் தள்ளிட்டா. ஸ்க்ரீன்ல மெசேஜ் வந்துச்சு, உங்க ரூம்ல வேற யாரோ இருக்காங்கன்னு. நான் மடச்சி, நேரா கீழ குனிஞ்சு பாத்துட்டேன். சரி, மாட்டியாச்சுன்னு அம்மா எழுந்திரிச்சு, முந்தானைய சரி பண்ணிகிட்டு, கேமராவப் பாத்து கும்பிட்டா. "வணக்கம் சார். பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல. தண்ணி வந்துட்டு, அதான்."

பரீட்சை அங்கயே க்ளோஸ். மூணு மாசப் படிப்பு. நான் அப்படியே எழுந்து நின்னு அழ ஆரம்பிச்சேன். அம்மா என்னையும் பாத்தா, கீழயும் பாத்தா. "ஏட்டி ஷீபா, அழுததுன்னா ஓரமா நின்னு அழு, பைப்ப மிதிக்காத."

மூணு எழுத்து

கொஞ்சம் பின்னாடி போறேன், இல்லன்னா புரியாது. செம்பூர்ல ஒரு சின்ன ஆபீஸ்ல வேலை பாக்கேன். அடுத்தவங்க ஆபீஸுக்குள்ள பார்ட்டிஷன், சீலிங், டைல்ஸ் எல்லாம் போட்டுக் குடுக்கிற கான்ட்ராக்ட். என் போஸ்ட் பேரு கோஆர்டினேட்டர். அப்படின்னா, ப்ளைவுட் வந்துச்சான்னு ஒருத்தன்கிட்ட கேட்டு, வரலன்னு இன்னொருத்தன்கிட்ட சொல்றது. நாலு வருஷம் இத பண்ணேன். சைட்ட நடத்துனது நான்தான், ஆனா போர்டுல பேரு வேற ஆளோடது.

வாஷியில ஒரு வேலைக்கு டெண்டர் வந்துச்சு. சைட்டப் பாத்துக்கிற ஆளு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சர்ட்டிஃபிகேட் வச்சிருக்கணும்னு அதுலயே போட்டிருந்தான். எங்க முதலாளி நாராயணன் சார், மாட்டுங்காக்காரர், கோபமே வராது, அதான் பயம். கூப்பிட்டு உக்கார வச்சாரு. மூணு மாசத்துல டெண்டர் போடணும், அதுக்குள்ள நான் வாங்கிட்டா என் பேரு, இல்லன்னா வெளிய இருந்து ஒருத்தர கொண்டு வருவேன், நீ அவருக்கு கோஆர்டினேட்டர்னாரு. சார், நாலு வருஷமா நான்தானே எல்லாம் பண்றேன்னு இழுத்தேன். சார் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "உன்னை எனக்குத் தெரியும்மா. அவாளுக்குத் தெரியாதே. அதான் பேருக்குப் பின்னாடி மூணு எழுத்து கேக்கறா."

லிஃப்ட்டும் நானும்

பரீட்சைக்குப் படிக்கிற புக்கு வாங்குன முதல் வாரம் எனக்குத் தலை கால் புரியல. எல்லாத்தையும் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன்! எங்க கார்பென்டர் ராம்லால் மிஸ்திரி சைட்ல சுக்கா ரொட்டி சாப்பிட்டுகிட்டிருந்தாரு, அவர் முன்னாடி போயி தரையில சாக்பீஸால கோடு போட்டேன். மிஸ்திரிஜி, இதுக்குப் பேரு க்ரிட்டிகல் பாத். நிறைய வேலை நடக்கும், ஆனா ஒரு வரிசை இருக்கு, அதுல ஒண்ணு ஒரு நாள் லேட்டானா மொத்த சைட்டும் ஒரு நாள் லேட். ஃப்ரேம், ப்ளைவுட், பெயின்ட்னு பெட்டி பெட்டியா வரைஞ்சு, அம்பு எல்லாம் போட்டேன்.

அவரு ரொட்டிய மென்னுகிட்டே பாத்தாரு. அந்தக் கட்டடத்துல சாமான் ஏத்துற லிஃப்ட் காலையில பதினொண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும்தான், அதுவும் லிஃப்ட்வாலாவுக்கு, அதான் லிஃப்ட் ஓட்டுற ஆளுக்கு, மனசு இருந்தா. ரெண்டு நாளா எங்க ப்ளைவுட் கீழயே கெடக்கு. நான் போட்ட படத்துல லிஃப்ட்டே இல்ல. மிஸ்திரி கையத் தட்டிட்டு எழுந்தாரு. "மேடம், க்ரிட்டிகல் பாத் தோ லிஃப்ட்வாலா ஹை."

பதில் பி

நம்மள மாதிரி வேலைக்கும் போயி படிக்கவும் படிக்கிற கூட்டத்துக்கு ரயில்ல லேடீஸ் டப்பா, அதான் பொம்பளைங்க பெட்டிதான் லைப்ரரி. ஜி.டி.பி. நகர்ல ஏறுனா செம்பூர் வரைக்கும் போன்ல பத்து கேள்வி போடலாம். தோள் மேல முகவாய வச்சு யாராவது படிச்சுகிட்டே வருவாங்க, அத கண்டுக்கக் கூடாது.

ஒரு நர்ஸ் அக்கா, ஹாஸ்பிட்டல்ல நைட் டூட்டி முடிச்சு நெருளுக்குத் திரும்புற தமிழ் அக்கா, தினம் பாக்கிற முகம். ஒரு நாள் கேள்வி இப்படி வந்துச்சு: உங்க டீம்ல ரெண்டு பேருக்கு சண்டை, வேலை நின்னு போச்சு, நீங்க முதல்ல என்ன செய்வீங்க? ஏ, மேலதிகாரிகிட்ட சொல்வேன். பி, ரெண்டு பேர்கிட்டயும் பேசி காரணத்தக் கண்டுபிடிப்பேன். நான் ஏ-ல விரல வச்சேன். அக்கா என் கையத் தட்டி விட்டாங்க, ரெண்டு மருமக இருக்கிற வீடு அவங்களுது. "பி போடும்மா. மேல சொல்றதுன்னா எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும், அவரு டிவி சத்தத்தக் கூட்டி வப்பாரு."

பி-தான் சரி. அதுக்கப்புறம் மாக் டெஸ்ட்ல ஏ வந்தாலே எனக்கு ஒரு டிவி சத்தம் கேக்கும்.

ஒரு நிமிஷம், குர்லா வருது, கூட்டம் ஏறும்.

ம், எழுதுறேன். நிக்க இடம் கெடச்சுட்டு, மூச்சு விட முடியுது.

முப்பத்தோராவது வரியோட முடிச்சுட்டேன்

இப்ப அந்தப் பாழாப்போன வெள்ளிக்கிழமைக்கே வாரேன். எங்க ரூமுக்குக் கீழ காதர் பாயோட பட்டறை, தோல் பை தைக்கிறாங்க, மிஷின் ஓடுனா எங்க தரை அதிரும். பட்டறைக்கு வெள்ளிக்கிழமை லீவு. அதான் வெள்ளி மதியம் ஒரு மணிக்கு ஸ்லாட் எடுத்தேன். அது மட்டுமா! புக்குல சொன்ன மாதிரி ரிஸ்க் லிஸ்ட் போட்டு சுவத்துல ஒட்டியிருந்தேன், பரீட்சைக்குன்னு அப்புறம் கழட்டுனேன். கரண்ட் போனா, நெட் போனா, சர்ச் ஸ்பீக்கர் போட்டா, கல்லிச் சந்துல ஆடுற பந்து வந்து ஜன்னல்ல அடிச்சா, நாய், பூனை, கொரியர்காரன். முப்பத்தொண்ணு எழுதுனேன். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு வழி.

தண்ணி எழுதல. எங்க மாடியில மூணு வீடு. மூணு வீட்டு டிரம்மும் எங்க ஜன்னலுக்கு வெளிய தகரக் கூரை மேலதான் இருக்கு. கீழ இருக்கிற குழாயில இருந்து பைப்பு படியேறி, எங்க கதவு வழியா வந்து, ஜன்னல் வழியா போகும். மதியம் மூணுல இருந்து அஞ்சு வரைக்கும்தான் தண்ணி. மத்த நாள்ல நான் ஆபீஸ்ல இருப்பேன். ஞாயித்துக்கிழமை தூங்குவேன், பைப்பு என்னத் தாண்டிதான் போகும், நான் புரண்டு கூட படுக்க மாட்டேன். ஆக, எங்கம்மா அன்னிக்கு வராம இருந்திருந்தா மூணு வீட்டுக்கு தண்ணி இல்ல. அவ மேல கோவப்படவும் முடியல பாருங்க, அதுதான் பெரிய கஷ்டம்.

சாயங்காலம் காதர் பாய் வீங்குன என் மூஞ்சியப் பாத்துட்டு அந்த லிஸ்ட்ட வாங்கி, ஒண்ணொண்ணா வாசிச்சுக் காட்டச் சொன்னாரு. பூனை வரைக்கும் எழுதியிருக்கியே, தினமும் வர்ற தண்ணிய விட்டுட்டியேன்னாரு. எனக்கு ரோஷம். பாய், நடக்கலாம், நடக்காமலும் போகலாம், அதுக்குப் பேருதான் ரிஸ்க். கண்டிப்பா நடக்கிறது ரிஸ்க்கே இல்ல, புக்குல அப்படித்தான் போட்டிருக்குன்னேன். பாய் லிஸ்ட்ட மடிச்சு என் கையிலயே குடுத்தாரு. "அப்பம் அந்தப் புக்கு எழுதுனவரு வீட்டுல நாள் பூரா தண்ணி வருது, மக்கா."

கலர் கோடு

திரும்ப எழுத விண்ணப்பிச்சேன். சென்டர்ல போயி எழுதலாம்னா டெண்டர் முடிஞ்ச பிறகுதான் இடம். வீட்ல எழுத கெடச்சது ஒரே ஸ்லாட், அடுத்த வெள்ளி, அதே ஒரு மணி. திங்கக்கிழமை டெண்டர். நாராயணன் சார்கிட்ட சொன்னேன். வெளி ஆளோட ஃபைலும் அவரு மேஜை மேல ரெடியா இருந்துச்சு, மறைக்கல. வெள்ளி சாயங்காலம் வரைக்கும் அத எடுத்து உள்ள வைக்கிறேன்னு மட்டும் சொன்னாரு.

ஞாயித்துக்கிழமை படிக்கட்டுல மீட்டிங் போட்டேன். அம்மா, பக்கத்து ரூம் எஸ்தர் அக்கா, அந்தப் பக்கத்து ரூம்ல ரெண்டு பேரு, கீழ நின்னுகிட்டு காதர் பாய். சார்ட் பேப்பர்ல ரெண்டு கலர்ல கோடு போட்டு கொண்டு போனேன், நீலம் தண்ணி, சிவப்பு பரீட்சை. எஸ்தர் அக்கா அத தலைகீழா பிடிச்சுப் பாத்துட்டு, தண்ணி வேற வழியா போகணும், அவ்வளவுதான, இதுக்கு எதுக்குடி கலர்னா. எனக்கு சப்புன்னு ஆயிருச்சு, ஆனா விஷயம் அதுதான்.

வேற வழின்னா ஒண்ணே ஒண்ணு. காதர் பாய் பட்டறைக்குள்ள பைப்ப விட்டு, பரண் மேல ஏத்தி, பின்னாடி வென்டிலேட்டர் வழியா தகரக் கூரைக்கு எடுக்கணும். பரண் மேல சனிக்கிழமை அனுப்ப வேண்டிய தோல் பை அத்தனையும் அடுக்கி வச்சிருக்காரு. ஒரு சொட்டு ஒழுகுனா போச்சு. பாய் பட்டறைப் பக்கம் திரும்பிப் பாத்தாரு. நான் வேண்டாம் பாய்னு சொல்ல வாயெடுத்தேன். புதன்கிழமை ஒரு தடவை விட்டுப் பாப்போம்னாரு. நானும் அரை நாள் லீவு போட்டேன். விட்டோம், பரணுக்குக் கீழ ஜாயின்ட்ல பிச்சுகிட்டு அடிச்சுது. சைக்கிள் ட்யூப் வச்சு இறுக்கிக் கட்டுனோம், அப்பவும் கசிஞ்சுது. ரெண்டு மணி நேரமும் நான் கையால அழுத்திப் பிடிச்சுக்கிடுதேன்னு எஸ்தர் அக்கா சொன்ன பிறகுதான் பாய் தலைய ஆட்டுனாரு. "பை நனைஞ்சா நான் அழுவேன், நீ ஃபெயிலானா உங்கம்மா அழுவா. ரெண்டுல என் அழுக பெருசு, கேட்டியா?"

பிடிச்ச கை

வெள்ளி. பரீட்சை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரூம சுத்திக் காட்டச் சொன்னாங்க. சுவத்துல எழுத்து இருக்கு, எடுங்கன்னு மெசேஜ். பாத்தா, அம்மாவோட பைபிள் வசன காலண்டர், போன தடவை யாரும் கண்டுக்கல. திருப்பி மாட்டுனேன், பின் பக்கத்துல நகைக்கடை விளம்பரம். அதுவும் எழுத்துதான். கழட்டி கதவுக்கு வெளிய அம்மா கையில குடுத்தேன், அவ அத மார்போட அணைச்சுகிட்டு படியில உக்காந்துட்டா. ஏசப்பாவையே வெளிய அனுப்பிட்டாங்களேன்னு அவ மூஞ்சி சொல்லுச்சு.

மூணு மணி ஆச்சு. ஒரு சத்தமும் இல்ல. வழக்கமா குழாய் முதல்ல கொரட்டை விடும், குடம் உருளும், சண்டை கேக்கும். எதுவும் இல்லாம போகவும் என் நெனப்பெல்லாம் கீழ போயிட்டு, இன்னிக்கு தண்ணியே வரலையோ, பைப்பு பிச்சுகிட்டோ, பை எல்லாம் நனைஞ்சு பாய் அழுறாரோன்னு. இதுல நூத்திப் பதினாலாவது கேள்வி என்ன தெரியுமா! உங்க ப்ராஜெக்ட் பாதியில இருக்கும்போது, நீங்க கணக்குலயே எடுக்காத முக்கியமான ஒரு ஆளு வந்து நிக்காரு, முதல்ல என்ன செய்வீங்க? எனக்கு தரையில தவழ்ந்த அம்மா ஞாபகம் வந்து சிரிப்பு பொத்துகிட்டு வந்துச்சு. உதட்ட அசைக்காதீங்கன்னு மெசேஜ். பதில்ல ஒண்ணு, அவர பட்டியல்ல சேத்து, அவருக்கு என்ன வேணும்னு கேப்பேன். அதத்தான் அழுத்துனேன்.

கடைசி கேள்வி முடிஞ்சதும் ஸ்க்ரீன்லயே வந்துட்டு. பாஸ். மூணு தடவை வாசிச்சேன். கதவத் திறந்தா, படியில அம்மா, அவளுக்குக் கீழ பக்கத்து ரூம் ரெண்டு பேரு, அவங்களுக்குக் கீழ காதர் பாய், எல்லாரும் சர்ச்சுல உக்காந்த மாதிரி கம்முன்னு உக்காந்திருக்காங்க. பாஸுன்னேன், திரும்பவும் சொன்னேன். அம்மா எழுந்து வந்து முதல்ல காலண்டர ஆணியில மாட்டிட்டு அப்புறம்தான் என்ன கட்டிப் பிடிச்சா. எல்லாரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சாங்க. அப்பதான் கீழ பட்டறைக்குள்ள இருந்து எஸ்தர் அக்கா குரல் வந்துச்சு. தண்ணி நின்னுட்டு, ஆனா சத்தம் போடக்கூடாதேன்னு அத யாருமே அவகிட்ட போயி சொல்லல. "ஏ, பாஸோ ஃபெயிலோ, நான் இந்த ஜாயின்ட்ட விடலாமா கூடாதா, ஒருத்தியாவது சொல்லுங்களேன்!"

பை ஒண்ணு கூட நனையல. பாய் அத்தனையையும் தடவித் தடவிப் பாத்தாரு.

திங்கக்கிழமை

டெண்டர் பேப்பர்ல என் பேர நானே டைப் பண்ணேன், பின்னாடி மூணு எழுத்து. பக்கத்துல ஒரு ஸ்பேஸ் விடணுமா, கமா போடணுமான்னு அரை மணி நேரம் பாத்தேன். நாராயணன் சார் வெளி ஆளோட ஃபைல அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டு வந்து எட்டிப் பாத்தாரு. ஸ்வீட் வாங்கித் தருவாருன்னு நெனச்சேன். தந்தாரு, குறை சொல்லக் கூடாது, மைசூர்பாகு. ஆனா பெட்டியத் திறக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. "இதுவரைக்கும் லேட்டானா ஷீபா போன் பண்ணலைம்பா. இனிமே ஷீபா லேட் பண்ணிட்டாம்பா. சாப்பிடு."

வாஷி

வேலை எங்களுக்கே வந்துச்சு! முதல் நாள் சைட்டுக்குப் போனதும் நான் எந்தச் சார்ட்டையும் விரிக்கல. நேரா லிஃப்ட் ஆள்கிட்ட போயி, அரை கிளாஸ் டீ, அதான் கட்டிங் சாய், வாங்கிக் குடுத்து, அண்ணே உங்களுக்கு எந்த நேரம் தோதுன்னு ஹிந்தியில கேட்டேன். அந்த மனுஷன் அசந்துட்டாரு, இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையாம். ஒன்பதுல இருந்து பதினொண்ணு வரைக்கும் தாரேன்னுட்டாரு. ராம்லால் மிஸ்திரி தூரத்துல நின்னு கட்டை விரல தூக்கிக் காமிச்சாரு. எனக்கு அப்படியே ரெண்டு இஞ்ச் வளந்த மாதிரி இருந்துச்சு.

அந்த ஜோர்ல அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா, நான் மேனேஜரா நிக்கேன், நாளைக்கு டைல்ஸ் ஒட்ட ஆரம்பிக்கோம், லிஃப்ட் கூட பேசி முடிச்சுட்டேன், எல்லாம் பக்கான்னு அளந்துகிட்டே போனேன். அம்மா பொறுமையா கேட்டா. டைல்ஸுக்கு சிமென்ட் குழைக்கணும்லான்னா. ஆமான்னேன். அம்மா அடுத்ததக் கேட்டா. "ஏட்டி, அங்கன தண்ணி எப்பம் வரும்னு கேட்டியா?"

கேக்கல. ஓடிப் போயி கேட்டேன், அந்த மாடிக்கு காலையில ரெண்டு மணி நேரம்தானாம், அதுவும் சாமான் ஏத்துற அதே ரெண்டு மணி நேரம். ரெண்டையும் பிரிச்சு, தண்ணி பிடிக்க தனியா ஒரு ஆளும் டிரம்மும் போட்டாச்சு. இப்ப அங்கதான் போயிகிட்டிருக்கேன், வாஷி பாலம் தாண்டிட்டு, போன உள்ள வைக்கணும்.

என் பேருக்குப் பின்னாடி இப்ப மூணு எழுத்து இருக்கு, லிஸ்ட்டுல முதல் வரி தண்ணி, ரெண்டாவது வரி லிஃப்ட்வாலா, அதுக்குக் கீழ புக்குல சொன்ன மாதிரியே முப்பத்தோரு ரிஸ்க் அழகா எழுதி வச்சிருக்கேன், அதுல ஒண்ணு கூட இன்னிய தேதி வரைக்கும் நடக்கல.